கேளா மடல்கள்

கெடா மாநிலத்தின் தெற்கே, பண்டார் பாரு மாவட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் செர்டாங். சிலாங்கூர் மாநிலத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. ஆதலால் இவ்வூருக்குக் கடிதம் எழுதுவோர், 09800 என்னும் அஞ்சல் எண்ணையும் கெடா என்னும் மாநிலப் பெயரையும் மறவாமல் குறித்தல் வேண்டும். ஓய்வு பெற்று இவ்வூரில் வாழ்ந்துவரும் தமிழாசிரியர் ஒருவர், மாணவர்களுக்குக் கடிதம் எழுதப் பயிற்றிய நாள்களில் இதனை ஒவ்வோர் ஆண்டும் வற்புறுத்தி வந்தார். முகவரி செம்மையாக இருந்தால் கடிதம் உரியவர் கையைச் சேர்ந்தே தீரும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அந்நம்பிக்கை 2019ஆம் ஆண்டில் குலைந்தது.

ஆசிரியர் பிறந்து வளர்ந்தது செர்டாங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அந்நாளில் தோட்டத்து மக்களுக்கு வரும் கடிதங்கள் முதலில் தோட்ட அலுவலகத்தையே சேரும். கிராணியார் அவற்றைப் பிரித்து அடுக்கி வைப்பார். விடியற்காலைப் பெரட்டிலோ, மாலையில் பால் நிறுக்கும் கொட்டகையிலோ பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து நீலநிற வான்மடல் வந்த வீட்டில் அன்று அடுப்பு மூட்டுவதுகூடத் தாமதமாகும். எழுத்தறிந்த பிள்ளை ஒருவன் உரக்கப் படிக்க, லயமே கூடி நின்று கேட்கும். வேண்டாத கடிதம் என்று ஒன்று அக்காலத்தில் எவருக்கும் வந்ததாக ஆசிரியருக்கு நினைவில்லை. காரணம் எளியது. கடிதம் எழுதத் தாள் வேண்டும், உறை வேண்டும், அஞ்சல்தலை வேண்டும். கைக்காசைச் செலவிட்டு எழுதுபவர், சொல்வதற்கு ஏதேனும் இருந்தால்தான் எழுதுவார்.

மின்னஞ்சல் இக்கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. பத்து மடல் அனுப்பினாலும் பத்து இலட்சம் மடல் அனுப்பினாலும் அனுப்புபவருக்கு ஆகும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. அதைப் பெறுபவர்தாம் விலை கொடுக்கிறார்: காலத்தால் கொடுக்கிறார், கவனத்தால் கொடுக்கிறார், சில வேளைகளில் கைப்பொருளாலும் கொடுக்கிறார். பத்து இலட்சம் பேரில் நூறு பேர் ஏமாந்தால் போதும், அனுப்பியவருக்கு ஊதியம் கிடைத்துவிடும். மற்றவர்களின் எரிச்சல் அவருடைய கணக்கேட்டில் ஏறுவதேயில்லை.

இதன் வரலாறு பலரும் எண்ணுவதைவிட நீண்டது. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் அமெரிக்கக் கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கேரி தூர்க் என்பவர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். உலகின் முதல் கேளா மடல் அதுவே எனக் கருதப்படுகிறது. பெற்றோர் பலர் சினந்தனர். ஆயினும் அம்மடலால் விற்பனை நடந்தது என்று அனுப்பியவர் பின்னாளில் பெருமையுடன் கூறிக்கொண்டார். பிற்காலத்துத் தொல்லைகள் அனைத்திற்கும் வித்து அந்தப் பெருமையிலேயே இருந்தது எனலாம். 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர் இருவர், குடியேற்ற அட்டைக் குலுக்கலுக்கான தம் விளம்பரத்தை ஆயிரக்கணக்கான கலந்துரையாடல் குழுக்களில் ஒரே மூச்சில் கொட்டினர். அதன் பின்னர் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ஸ்பேம் என்னும் பெயர், தகரக்குவளையில் அடைத்து விற்கப்படும் ஓர் இறைச்சியின் பெயர். உணவகத்தில் எதைக் கேட்டாலும் அவ்விறைச்சியே வந்து சேர்வதாக 1970இல் ஒளிபரப்பான ஓர் ஆங்கில நகைச்சுவைக் காட்சியிலிருந்து அச்சொல் இப்பொருளுக்குத் தாவியது. தமிழில் குப்பை அஞ்சல் என்றும் எரிதம் என்றும் சொற்கள் வழங்கிவருகின்றன. செர்டாங் ஆசிரியருக்குப் பிடித்த சொல் கேளா மடல் என்பதாகும். குப்பை என்பது மடலின் உள்ளடக்கத்தைப் பழிக்கும் சொல். கேளா மடல் என்பதோ அது வந்த முறையைக் குறிக்கும் சொல். ஒருவருக்குக் குப்பையாவது மற்றொருவருக்குச் செல்வமாகலாம். ஆனால் கேட்டு வந்ததா, கேளாமல் வந்ததா என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியது என்றே அவர் தொடக்கத்தில் எண்ணியிருந்தார். அது வாழ்க்கையையே தொடும் வேறுபாடு என்பதைப் பின்னரே உணர்ந்தார்.

மலேசியாவில் 1990களில் ஜாரிங் வழியாகவும், பின்னர் டிஎம்நெட் வழியாகவும் இணையம் பரவிய காலத்திலேயே ஆசிரியர் மின்னஞ்சல் பழகியவர். 2000ஆம் ஆண்டை ஒட்டிய நாள்களில் அவருடைய பெட்டியைத் திறந்தால் மருந்து விற்போரும், கடன் தருவோரும், இறந்துபோன படைத்தலைவரின் செல்வத்தில் பங்கு தருவதாகச் சொல்வோரும் வரிசை கட்டி நிற்பார்கள். அவர்களுக்கிடையே நண்பரின் மடலைத் தேடுவது, நெல்லில் கல் பொறுக்குவது போன்றதன்று. கல்லில் நெல் பொறுக்குவது போன்றது. அக்காலத்தில்தான் மின்னஞ்சல் நிறுவனங்களும் இணையச் சேவை வழங்குநரும் வடிகட்டிகளை அமைக்கலாயினர்.

வடிகட்டுவதில் வழிகள் பல. கேளா மடல்கள் புறப்படும் கணினிகளின் எண்களைப் பட்டியலிட்டு, அங்கிருந்து வருவன அனைத்தையும் மறுப்பது ஒரு வழி. 1997ஆம் ஆண்டளவில் பால் விக்ஸி என்பவர் தொடங்கிய கரும்பட்டியல் இவ்வகையைச் சார்ந்தது. இது விரைவானது, ஆனால் ஒரு லயத்தில் ஒருவன் செய்த தவற்றுக்கு லயத்தையே பூட்டி வைப்பது போன்ற குறையும் இதற்கு உண்டு. மற்றொரு வழி, சொற்களைக் கொண்டு நிகழ்தகவைக் கணிப்பது. பால் கிரகாம் என்னும் கணினி வல்லுநர் 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில் எழுதிய கட்டுரை இம்முறையைப் பரப்பியது. நல்ல மடல்களில் எச்சொற்கள் மிகுதியாக வருகின்றன, தீய மடல்களில் எச்சொற்கள் மிகுதியாக வருகின்றன என்று பொறி கற்றுக்கொள்ளும். புதிய மடல் எப்பக்கம் சாய்கிறது என்று கணித்துத் தீர்ப்புச் சொல்லும். அத்தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பெரும்பாலும் என்னும் அச்சொல்லுக்குள்தான் ஒரு பெண்ணின் எதிர்காலம் அகப்பட்டுக்கொண்டது.

அவள் ஆசிரியரிடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். தந்தை செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள். ஓர் அறவாரியம் வழங்கும் உபகாரச் சம்பளத்திற்கு விண்ணப்பிக்க அவளுக்கு உதவியவர் ஆசிரியரே. வீட்டில் இணைய வசதி இல்லாமையால், விண்ணப்பப் படிவத்தில் தம் மின்னஞ்சல் முகவரியையே எழுதச் சொன்னார். முகவரியை இரு முறை சரிபார்த்தார். பின்னர் இருவரும் காத்திருந்தனர். ஒரு வாரம் கழிந்தது. மூன்று வாரங்களும் கழிந்தன. பெட்டியில் ஒன்றும் வரவில்லை. இடம் கிடைக்கவில்லை போலும் என்று ஆசிரியர் அவளைத் தேற்றினார்.

ஒரு நாள், வேறு எதையோ தேடும்போது ஸ்பேம் என்னும் அறையை அவர் திறக்க நேர்ந்தது. அதுகாறும் அதனை அவர் திறந்ததேயில்லை. குப்பைத் தொட்டியைக் கிளறிப் பார்ப்பவர் எவர்? அங்கே, குலுக்கல் பரிசுகளுக்கும் கடன் அழைப்புகளுக்கும் நடுவே, அவளை நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் மடல் கிடந்தது. தேர்வு நாள் ஒன்பது நாள்களுக்கு முன்னரே கடந்திருந்தது. பலருக்கு ஒருங்கே அனுப்பப்பட்ட மடல். பணத்தொகையைக் குறிப்பிடும் மடல். உடனே மறுமொழி அனுப்புமாறு வேண்டும் மடல். எத்தனுடைய மடலுக்கு உரிய அடையாளங்கள் அனைத்தும் அந்த நல்ல மடலிலும் இருந்தன. பொறி தன் கணக்கில் தவறவில்லை. வாழ்க்கையின் கணக்கில் தவறிவிட்டது. அறவாரியத்திற்குத் தொலைபேசியில் பேசினார். இடங்கள் நிரம்பிவிட்டதாகப் பணிவுடன் கூறினார்கள்.

செய்தியைச் சொல்ல அவர் தோட்டத்து வீட்டிற்குச் சென்றபோது அவள் அழவில்லை. "பரவாயில்லை ஐயா, கடிதம் வந்ததே, அது போதும்" என்றாள். அச்சொல் அவரை உறங்கவிடவில்லை. தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டதாக அவள் மூன்று வாரம் எண்ணியிருந்தாள். அழைக்கப்பட்டிருந்தோம் என்று அறிந்ததே அவளுக்கு ஓர் ஆறுதலாயிற்று. படிவம் ஆறில் சேர்ந்து படித்தாள். பின்னர்ப் பல்கலைக்கழகமும் சென்றாள். ஆனால் அவள் விரும்பிய துறை கிட்டவில்லை.

வடிகட்டியே வேண்டாம் என்று ஆசிரியர் அப்போது பலரிடமும் வாதிட்டு வந்தார். எதைப் படிப்பது, எதை எறிவது என்று முடிவு செய்ய வேண்டியவர் மடலைப் பெறுபவரே. இடையில் நிற்கும் நிறுவனத்திற்கு அவ்வுரிமை ஏது என்பது அவர் வாதம். மூன்றாண்டுகளுக்குப் பின் அவ்வாதமும் ஆட்டம் கண்டது.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவர் வீட்டிற்கு அடுத்த வீட்டு மூதாட்டியின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. வாழ்நாள் முழுதும் பால்மரம் வெட்டிச் சேர்த்த சிறு தொகையை வங்கியில் வைத்திருந்தவர் அவர். பொதி ஒன்று தேங்கி நிற்பதாகவும், சில ரிங்கிட் செலுத்தினால் வீடு தேடி வரும் என்றும் அச்செய்தி கூறியது. கீழே ஓர் இணைப்பும் இருந்தது. மகன் ஏதோ அனுப்பியிருக்கிறான் போலும் என்று எண்ணிய மூதாட்டி, பேரனைக் கொண்டு அதில் கேட்ட விவரங்களை எல்லாம் நிரப்பினார். மாலைக்குள் கணக்கில் இருந்த பணத்தில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. "கடுதாசி வந்தா நம்பித்தானேப்பா ஆகணும்" என்று அவர் கேட்டபோது ஆசிரியரிடம் விடை இல்லை. முடிவு செய்ய வேண்டியவர் பெறுபவரே என்னும் கொள்கை, படித்தவருக்கு உரிமை. படியாதவருக்கோ அது கைவிடப்படுதல் என்பதை அன்று அவர் கண்டார்.

அரசாங்கமும் இதனை உணராமல் இல்லை. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தேசிய மோசடி எதிர்வினை மையம் அமைக்கப்பட்டு, 997 என்னும் தொலைபேசி எண் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு மே மாதம் முதல், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் பணிப்பின்படி, இணைய இணைப்புகளைத் தாங்கிய குறுஞ்செய்திகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் படிப்படியாகத் தடுக்கத் தொடங்கின. மூதாட்டிக்கு வந்தது போன்ற செய்தி இனி அவ்வழியில் வருவது அரிது. நேர்மையானவர் அனுப்பும் இணைப்பும் அதனுடன் நின்றுபோயிற்று என்பது உண்மையே. எத்தர்கள் வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற செயலிகளை நாடினர் என்பதும் உண்மையே. ஆயினும் முதியவர் பலருக்கு ஒரு வாசலாவது அடைக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்ற சட்டத்திருத்தத்தில், கேளாமல் அனுப்பப்படும் வணிக மின்செய்திகளைத் தடை செய்யும் பிரிவும் இடம்பெற்றது.

வழங்குநர் நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு உலக வரலாற்றிலும் சான்று உண்டு. 2008ஆம் ஆண்டு நவம்பரில், கலிபோர்னியாவில் இயங்கிய மெக்கோலோ என்னும் நிறுவனத்தின் இணையத் தொடர்பை, அதற்குத் தொடர்பு வழங்கிவந்த பெருநிறுவனங்கள் துண்டித்தன. கேளா மடல்களை ஏவும் கணினிகள் பல அங்கிருந்தே இயக்கப்பட்டு வந்தன. ஒரே நாளில் உலகின் கேளா மடல்கள் ஏறத்தாழப் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. சில மாதங்களில் அவை மீண்டும் பெருகின என்றாலும், ஊற்றுக்கண்ணில் அடைப்பது வீடுதோறும் வடிகட்டுவதைவிட வலியது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

அவ்வாறாயின் வழங்குநரிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்துவிடலாமா? இங்குதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. டிஎன்எஸ் எனப்படுவது இணையத்தின் முகவரிப் புத்தகம். மக்கள் தாம் விரும்பிய வெளிநாட்டு முகவரிப் புத்தகத்தைப் பயன்படுத்தினாலும், அவ்வினாக்களை உள்நாட்டு வழங்குநரின் புத்தகத்திற்கே திருப்பிவிடுமாறு 2024ஆம் ஆண்டில் பணிக்கப்பட்டது. செப்டம்பர் 30 இறுதி நாள். சூதாட்டம், ஆபாசம், மோசடி ஆகியவற்றிலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. ஆனால் எது தடுக்கப்படுகிறது என்பதை மக்கள் அறிய வழியில்லையே என்னும் கண்டனம் எழுந்தது. செப்டம்பர் 8ஆம் நாள் தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அத்திட்டம் தொடராது என்று அறிவித்தார். இணையத்தைத் தணிக்கை செய்ய இடமளிப்பதாக இச்சட்டத்தின் எப்பகுதியையும் பொருள்கொள்ளக் கூடாது என்று 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறுவதைப் பலரும் அப்போது நினைவூட்டினர்.

தோட்டத்து மக்களுக்கு இந்த அச்சம் புதியதன்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை ஆசிரியர் வகுப்பில் விளக்குவதுண்டு. சம்பள உயர்வோடு, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்து செல்ல வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. யார் உள்ளே வரலாம் என்பதை வீட்டில் வாழ்பவர் முடிவு செய்யவில்லை. தோட்டத்துக் கதவைக் காத்தவர் முடிவு செய்தார். அந்தக் கதவும் பாதுகாப்பிற்கென்றே அமைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டிருக்கும். காவல் என்பது யார் பொருட்டு, யார் சொற்படி என்னும் வினாவிற்கு விடையில்லாவிடின், காவலே சிறையாகிவிடும்.

காவலும் வேண்டும், காவலர் தலைவராகிவிடவும் கூடாது. இவ்விரண்டையும் எங்ஙனம் பொருத்துவது? தமிழாசிரியர் ஆதலால், அவருக்கு இதற்குரிய விடை சிலப்பதிகாரத்தில் கிடைத்தது. வழக்குரை காதையில் பாண்டியன் அரண்மனை வாயிலில் கண்ணகி வந்து நிற்கிறாள். விரித்த கூந்தலும், கையில் ஒற்றைச் சிலம்பும், கண்ணில் சினமுமாக நிற்கும் அவளைக் கண்டு வாயிலோன் அஞ்சுகிறான். கொற்றவையோ, காளியோ என்று ஐயுறும் அளவிற்கு அவள் தோற்றம் அவனைக் கலக்குகிறது. இன்றைய பொறியாக இருந்தால், அடையாளங்களைக் கூட்டிப் பார்த்து அவளைத் திருப்பி அனுப்பியிருக்கும். வாயிலோன் அவ்வாறு செய்யவில்லை. அவளை நிறுத்திவைத்தான், அரசனிடம் சென்றான், தான் கண்டதையும் தன் அச்சத்தையும் மறைக்காமல் கூறினான். முடிவை அரசனிடம் விட்டான். அரசன் வரச் சொன்னான். அந்த வாயிலோன் தன் அச்சத்தையே தீர்ப்பாக்கியிருந்தால் கண்ணகியின் வழக்கு அவைக்கு வந்தே இராது. பாண்டியனுடைய தவறும் வெளிப்பட்டிராது.

வடிகட்டிக்கு வேண்டிய இலக்கணம் இம்மூன்று செயல்களிலும் அடங்கியுள்ளது. முதலாவது, நிறுத்திவைக்கலாம், அழித்துவிடக் கூடாது. பெரிய மின்னஞ்சல் சேவைகள் சில, ஒதுக்கிய மடல்களை 30 நாள்களில் தாமே அழித்துவிடுகின்றன. அதற்கு முன் இன்னின்னார் மடல்கள் நிறுத்தப்பட்டுள்ளன என்று வாரம் ஒரு முறையேனும் உரியவருக்கு அறிவித்தல் வேண்டும். இரண்டாவது, ஏன் நிறுத்தப்பட்டது என்பதை மறைக்காமல் கூறுதல் வேண்டும். மூன்றாவது, முடிவு வீட்டுக்காரருடையதாக இருத்தல் வேண்டும். மூதாட்டி போன்றோர் கடுங்காவலை விரும்பினால் அதனைப் பெறட்டும். தாமே பார்த்துக்கொள்வோர் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும்.

இவற்றோடு, மடலில் சொல்லப்படுவதைவிட அது அனுப்பப்படும் முறையை நோக்குதலே சிறந்தது. கூகுளும் யாஹூவும் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகள் இத்திசையில் அமைந்தவை. மொத்தமாக மடல் அனுப்புவோர் தாம் இன்னார் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். வேண்டாம் என்பவர் ஒரே சொடுக்கில் விலக வழிவிட வேண்டும். நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோரைக் கூகுள் இவ்வகையில் கருதுகிறது. என்ன பேசுகிறாய் என்று இவ்விதிகள் கேட்கவில்லை. நீ யார், வேண்டாம் என்றால் போவாயா என்றே கேட்கின்றன. கேளா மடல் என்னும் சொல்லில் ஆசிரியர் கண்ட வேறுபாடும் இதுவே.

தமிழுக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. ஒருங்குறி பரவுமுன், தமிழ் மடல்கள் பல்வேறு எழுத்துருக் குறியீடுகளில் எழுதப்பட்டன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றின. இன்று அந்நிலை மாறிவிட்டது. எனினும் பொறி எம்மொழி மடல்களை மிகுதியாகக் கண்டு பழகுகிறதோ அம்மொழியில்தான் அதன் தீர்ப்புத் தெளிவாக இருக்கும். குறைவாக எழுதப்படும் மொழியில் நல்லதும் தீயதும் அதற்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். தமிழ் மடல்களைத் தமிழர் எழுதிப் பெருக்குவதும், தவறாக ஒதுக்கப்பட்டதை எடுத்து உரிய இடத்தில் வைப்பதும் பொறிக்குத் தமிழ் கற்பிக்கும் பணிதான்.

செர்டாங் ஆசிரியர் இன்று மாலைதோறும் அந்த அறையைத் திறந்து பார்க்கிறார். பெரும்பாலும் அங்குக் கிடப்பவை அங்கேயே கிடக்கத் தக்கவை. ஒரு தீபாவளிக்கு முந்திய நாள், உபகாரச் சம்பளத்தை இழந்த அந்த மாணவி அனுப்பிய வாழ்த்து மடலும் அங்கே கிடந்தது. குறுஞ்செய்தி அனுப்பாமல், அவர் கற்பித்த முறையிலேயே விளித்தல், செய்தி, முடிப்பு என அமைத்துத் தமிழில் எழுதியிருந்தாள். "ஐயா, இது எந்தப் பெட்டிக்கு வந்தாலும் தாங்கள் பார்ப்பீர்கள் என்று தெரியும்" என்று இறுதியில் ஒரு வரி இருந்தது. ஆசிரியர் அதனை வெளியே எடுத்து, இது ஸ்பேம் அன்று என்று குறித்தார்.

ஊர்க்கோயிலில் அவர் நடத்திவரும் மாலை வகுப்பில் கடிதம் எழுதும் பாடம் இன்றும் உண்டு. அஞ்சல் எண்ணையும் மாநிலப் பெயரையும் மறவாதீர்கள் என்று முன்போலவே சொல்கிறார். இப்போது அதனோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்: பதிலுக்குக் காத்திருப்பவர், ஒதுக்கி வைக்கப்பட்டவற்றையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.